உள்ள யாருன்னா கீறீங்களா?

வேம்புலிக்கு வெட்டத் தெரியாத பொருள் இந்த உலகத்தில் இல்லை என்று நசரத்பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே வேம்புலிதான் என்பது வேறு விஷயம். பஸ், லாரி, பாய்லர், பழைய ரைஸ் மில், எதைக் கொண்டுவந்து போட்டாலும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேஸ் கட்டரைப் பற்றவைத்து, பொழுது சாய்வதற்குள் துண்டு போட்டு அடுக்கிவிடுவான். பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு புளியமரம், அதற்குப் பின்னால் அவனுடைய யார்டு.

வெட்டுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சுத்தியலால் அந்தப் பொருளின் பக்கவாட்டில் மூன்று முறை தட்டுவான். "உள்ள யாருன்னா கீறீங்களா?" என்று குரல் கொடுப்பான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்து அது தீரும்வரை காத்திருப்பான். சத்தம் ஒன்றும் இல்லை என்றால்தான் வேலை. பூனை குட்டி போட்டிருந்தால்கூட அன்றைக்கு வெட்டு கிடையாது, மறுநாள்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், பாடியில் ஒரு யார்டில் அவன் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, காயலான் கடைக்கு வந்த பஸ் ஒன்றின் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டர் வேம்புலியின் கையில்தான் இருந்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார், ஒரு காலோடு. சிரிக்கிறவர்களிடம் வேம்புலி இதைச் சொன்னதில்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷம் மார்ச் மாதக் கடைசி நாள் அவனுடைய யார்டுக்கு ஒரு படகு வந்தது.

படகு ஏன் நசரத்பேட்டைக்கு வரவேண்டும் என்று கேட்டால், அது சர்க்கார் சமாச்சாரம். பழைய விசைப்படகுகளை ஒழித்துவிட்டு, லைசென்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் உரிமையாளருக்கு நஷ்டஈடு என்று ஒரு திட்டம். திட்டம் போட்டவர்கள் நல்ல மனசோடுதான் போட்டார்கள். ஆனால் நம்முடைய ஆட்கள் லேசுப்பட்டவர்களா? ஒழித்ததாகக் கணக்குக் காட்டிய படகுகள் ஆறே மாதத்தில் புதுப் பெயிண்டு அடித்துக்கொண்டு கடலில் மிதந்தன. கடுப்பாகிப்போன யாரோ ஒரு புண்ணியவான் புது விதி எழுதினார்: படகைக் கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், அதிகாரி கண்முன்னால் அடிமரத்தோடு இரண்டாக வெட்டி, போட்டோ எடுத்துக் கொடுக்கவேண்டும். கடைசித் தேதி மார்ச் முப்பத்தொன்று.

படகு என்று சொன்னபோது, காணும் பொங்கலுக்கு மெரினா போகும்போது மணலில் கிடக்குமே, அந்த மாதிரி ஒன்றைத்தான் வேம்புலி நினைத்திருந்தான். காலை பத்து மணிக்கு ரோட்டில் மேளச்சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவனுக்கு வாய் மூடவில்லை.

முப்பத்தெட்டு அடி நீளம். பதினெட்டுச் சக்கர டிரெய்லரின் மேல், வீட்டுக் கூரைக்கும் மேலே தலையைத் தூக்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் அது வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒருத்தன் கவட்டை மூங்கிலால் கரண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். நம் பக்கத்தில் கரண்டு கம்பியைத் தூக்கிப் பிடித்து வழிவிடுவது எதற்கு? தேருக்கு. வேறு எதற்கும் யாரும் அந்த மரியாதை செய்து பார்த்ததில்லை. போதாக்குறைக்குப் படகின் மூக்கில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தது. அதன் கீழே ஆளுயர எழுத்தில் "எல்லம்மா துணை".

பாடியில் ஷிப்டு விட்டு வந்த ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினார்களாம். குமணன்சாவடியில் சூறைத்தேங்காய் உடைத்தார்களாம். எங்கேயோ ஒரு மேளக்காரன் ஏதோ கோயில் விசேஷம் என்று தானாகவே சேர்ந்துகொண்டான். இப்போது யார்டு வாசலில் டீக்கடை பேபி குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து டிரெய்லரின் சக்கரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கிரேன் வைத்து இறக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தியபோது வேம்புலி முதல்முறையாக ஒரு படகின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். தண்ணீருக்குள் இருக்கிற பாதி அது, வெளியாட்கள் பார்க்காத பாதி. வயிறுபோல வளைந்து இறங்கி, நடுவில் ஒரே அடிமரமாகக் கூடி, அங்கிருந்து மறுபடியும் ஏறியது. அவன் கட்டர் வேலைக்காரன். நேர்க்கோடும் மூலையும்தான் அவனுக்குத் தெரிந்த உலகம். இதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நேர்க்கோடுகூட இல்லை. பலகையோடு பலகை சேர்ந்த இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தான், நுழையவில்லை. அவனை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான்.

"மாமே, இது நம்ம எல்லம்மா ஆத்தா பேரு போட்டுகினு வந்துகீது. நம்ம கொலதெய்வம். இத்தப் போய் நாம வெட்றதா?" என்றான் மதுரைவீரன். அவனும் ராமனும் மரம் அறுக்கிறவர்கள். கேஸ் கட்டர் மரத்தை வெட்டாது என்பதால், இரண்டுபேர் இழுக்கும் பெரிய ரம்பத்தோடு அவர்களைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தான் வேம்புலி.

வேம்புலி பதில் சொல்வதற்குள் லாரி கேபினிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற குரல். அந்தக் குரலைத் தணித்துக்கொண்டு வேம்புலியை மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"நைனா, அது சாமி இல்ல. எல்லம்மான்றது நான்தான். எம் புருசன் போட்ட பேரு" என்றாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது. "எல்லாரும் சாமிய தொணைன்னு போட்டா இந்த ஆளு பொண்டாட்டிய போட்டுகினாரு. கரையில எல்லாரும் சிரிச்சாங்க."

புருஷன் கஜபதி தூரத்தில், படகின் பின்பக்கமாக நின்று, சுக்கான் கழற்றிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். 

"போன நவம்பர் புயல்ல மூணு நாளு வரல" என்றாள் எல்லம்மா. "நாலாம் நாளு வேற லாஞ்சுக்காரன் கயிறு கட்டி இஸ்த்துகினு வந்தான். பலகை உட்டுப்போச்சு. மூணு நாளும் தண்ணிய எறைச்சுகினே இருந்துகீறாரு. இனிமே போவாதய்யான்னு கால்ல வுழுந்தேன். லாஞ்சு கீற வரைக்கும் போவேன்றாரு. லைசென்சு எம் பேருல கீது. அதான், லாஞ்சே வாணாம்னு இந்த ஸ்கீமுல நான் எழுதிப் போட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வெட்டலன்னா ஸ்கீமு முடிஞ்சுது. நாளைக்கே இத்த இட்டுகினு போய் மறுபடியும் தண்ணில தள்ளுவாரு. இந்தத் தபா திரும்பி வரமாட்டாரு நைனா. எனுக்குத் தெரியும்."

காசு கிடைக்குமா கிடைக்காதா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே வேம்புலிக்கு மனசில் தைத்தது. "நாலு மணிக்கு ரெண்டு துண்டா குடுத்துடறேன் யக்கா. நீ நிம்மதியா குந்து" என்றான்.

மீன்துறை அதிகாரி திருவேங்கடம் ஜீப்பில் வந்து சேரவே மணி இரண்டரை ஆகிவிட்டது. நல்ல மனுஷர். ஆனால் விதி என்றால் விதி. நீளம் அகலம் அளந்தார். ஏணி போட்டு ஏறி, எஞ்சின் எடுத்த குழியை எட்டிப் பார்த்தார். பாரத்தைப் பூர்த்தி செய்தார். "ஃபிலிம்ல ரெண்டே ரெண்டு போட்டோதான் பாக்கி இருக்கு. ரெண்டு பாதியும் தனித்தனியா தெரியணும். அஞ்சு மணிக்குள்ள முடிச்சாதான் நான் ஆபீஸ் போய் ஃபைல்ல சேர்க்க முடியும்" என்றார்.

இதற்குள் யார்டு முழுக்க ஜனம். ஐந்நூறு பேர் இருக்கும். கற்பூர வாசனை. வேம்புலி சுத்தியலை எடுத்தான். மதுரைவீரனும் ராமனும் அரை மனசோடு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

இரும்பைத் தட்டினால் சத்தம் காதோடு வந்து மோதி அங்கேயே செத்துவிடும். இது அப்படியில்லை. அந்தச் சத்தம் உள்ளே போயிற்று. போய், எங்கெங்கோ சுற்றி, ஆழத்திலிருந்து திரும்பி வந்தது. வேம்புலியின் உள்ளங்கால் வரைக்கும் அது இறங்கியது. "உள்ள யாருன்னா கீறீங்களா?" என்றான்.

பீடிக்குக் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். அப்போதுதான் உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக். டொக். டொக்.

அடுத்த நிமிஷம் ஐந்நூறு பேரும் தரையில் இருந்தார்கள். மதுரைவீரன் ரம்பத்தைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஜீப் டிரைவர் விழுந்தார். திருவேங்கடம் விழவில்லை, ஆனால் தொப்பியை எடுத்துவிட்டார். எல்லம்மா யார் என்று தெரிந்திருந்த வேம்புலிக்கே மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. பதினைந்து வருஷமாக அவன் தட்டிக்கொண்டிருக்கிறான். ஒருமுறைகூட யாரும் திருப்பித் தட்டியதில்லை. சுத்தியல் அவன் கையிலிருந்து தானாக நழுவியது.

"டேய்!" என்று ஒரு குரல். டீக்கடை பேபிக்கு அருள் வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து சுழன்றது. "நான் எல்லம்மா வந்துகீறேன்டா! தண்ணியத் தாண்டி வந்துகீறேன்! எம்மேல ரம்பத்த வெப்பியா? வெப்பியாடா?"

"வெக்கல தாயே, வெக்கல" என்றான் ராமன், தரையிலிருந்தே.

மணி மூன்றரை. திருவேங்கடம் மெதுவாக வேம்புலியின் பக்கம் வந்து, "இன்னைக்கு இது ஆகாது போலிருக்கே. நான் வெட்டப்படவில்லைன்னு எழுதிட்டுக் கிளம்பறேன்" என்று பாரத்தை மடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டத்தில் விழாமல் நின்றுகொண்டிருந்த இன்னொரு ஆள் எல்லம்மா. அவள் படகைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கஜபதியைக் காணவில்லை. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

முதலில் பேபியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதில் கேலி இல்லை. சாமி விஷயத்தில் விளையாடுகிற பொம்பளை இல்லை அவள். திருநீறு வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, "ஆத்தா, எம் பேரும் எல்லம்மாதான். நீ குடுத்த பேரு. உன் வவுத்துக்குள்ள எம் புருசன் குந்திகினு கீறாரு. அவர மட்டும் எனுக்குத் திருப்பிக் குடுத்துடு தாயே" என்றாள்.

பேபி சுழற்றிய தலையை நிறுத்திவிட்டு விழித்தாள். ஆத்தாவுக்கே இது புதுத் தகவல்.

எல்லம்மா படகின் வயிற்றோடு ஒட்டி நின்று, விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. அவள் திரும்பி வேம்புலியிடம் சொன்னாள்: "இருவது வருசம் எஞ்சின் டிரைவரா கீழ குந்துனவரு நைனா. மேல சுக்கான் புடிக்கிறவனுக்குக் கீழ கீறவன் தெரியமாட்டான். அதனால மேலேர்ந்து மூணு தபா மிதிப்பாங்க. கீழேர்ந்து மூணு தபா தட்டணும். தட்னா உயிரோட கீறான்னு அர்த்தம். ஊட்ல குளிக்கும்போது நான் கதவத் தட்னாகூட இந்த ஆளு திருப்பித் தட்டுவாரு. கை தானா போவும்."

வேம்புலிக்கு இதைக் கேட்டதும் பயம் போய்விட்டது. ஆனால் ஆச்சரியம் போகவில்லை, இன்னும் கூடிற்று. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று தான் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். எங்கேயோ கடல்மேல், அவன் பார்த்தே இராத ஆட்கள், தினம் தினம் அதையே கேட்டு அதற்குப் பதிலும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எல்லம்மா பலகையில் வாயை வைத்துப் பேசினாள். ஏலக் குரல் இல்லை. "யோவ், எறங்கி வாய்யா."

பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் வாயை வைத்தாள்.

"புயல்ல மூணு நாளு நான் கரையில நின்னேனே, அப்போ நான் எங்கய்யா தட்டறது? தண்ணியத் தட்ட முடியுமா? மூணு நாளும் எனுக்கு நீ பதில் சொல்லல. இப்போ தரையில குந்திகினு ஊருக்கெல்லாம் பதில் சொல்லிகினு கீறே."

அவள் நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். அவ்வளவு ஜனமும் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஒரு தலை தெரிந்தது. கஜபதி எஞ்சின் குழியிலிருந்து ஏறி, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். கண் சிவந்திருந்தது. எல்லம்மா ஆத்தாவின் வயிற்றிலிருந்து ஒரு மனுஷன் வந்ததைப் பார்த்த கூட்டம் இன்னும் பயபக்தியாகக் கும்பிட்டது. நாலுபேர் அவர் காலிலேயே விழுந்தார்கள். அவர் யாரையும் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

"ஆபீசரு பாத்துட்டு எறங்கினதும், கடைசியா ஒரு தபா குந்திட்டு வரலாம்னு போனேன்" என்றார் வேம்புலியிடம். "எறங்க மனசு வரல நைனா."

மணி மூன்றே முக்கால். வேம்புலிக்கு இப்போது வேறு சங்கடம். பதில் வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை என்பது அவனே போட்ட சட்டம், அந்த ஒற்றைக் கால் கிளீனருக்காகப் போட்டது. யாருக்காகவும் அதை அவன் மீறியதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

எல்லம்மா கீழே கிடந்த சுத்தியலை எடுத்து அவனிடம் நீட்டினாள். "உள்ள கீற உயிரு வெளிய வந்துடுச்சு. மறுபடி கேளு. பதில் வந்தா நான் இட்டுகினு போயிடறேன்."

வேம்புலி வாங்கவில்லை. "நீயே கேளு யக்கா. உன் பேருதானே" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

எல்லம்மா தட்டினாள். மூன்று முறை. முன்புபோலவே சத்தம் உள்ளே போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. வேம்புலி பீடியைப் பற்றவைத்தான்.

அந்த ஒரு பீடி நேரத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். ஐந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். ரோட்டில் போன லாரிகள்கூட அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்வான். படகு சும்மா நின்றது. எல்லம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற கஜபதியின் வலது கை மட்டும் மெதுவாக மேலே எழும்பியது. விரல் மடங்கி, தட்டுவதற்குப் பலகையைத் தேடிப் போயிற்று. அவர் அதைச் செய்யவில்லை, கை செய்தது. எல்லம்மா திரும்பிப் பார்க்காமலே அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் இழுக்கவில்லை. பீடி தீர்ந்து வேம்புலியின் விரலைச் சுட்டது.

"யாரும் இல்ல" என்றான். "வெட்டலாம்."

முதல் இழுப்பு இழுக்க மதுரைவீரனுக்குக் கை வரவில்லை. பேபியே வந்து ரம்பத்தின்மேல் குங்குமம் வைத்து, "ஆத்தா எறங்கிட்டா. வெறும் மரந்தான் கீது, நீ அறு" என்று உத்தரவு கொடுத்தாள். தேக்கு மரத்தூள் பறந்தது. ஏரா என்று கஜபதி சொன்ன அடிமரத்துக்கு வந்தபோது இரும்பு போல்ட்டுகள் குறுக்கிட்டன. அவற்றை வேம்புலி கட்டரால் ஒவ்வொன்றாக அறுத்தான். நாலு மணிக்கு முடிப்பதாகச் சொன்ன வேலை நாலரையைத் தாண்டி இழுத்தது. கடைசி போல்ட்டு விட்டதும் படகு நீளமாக ஒரு முனகல் முனகி இரண்டாகப் பிரிந்தது.

உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. அடிவயிற்றில் தங்கியிருந்த கடல் தண்ணீர், குடம் குடமாக, நசரத்பேட்டை மண்ணில் ஓடியது. வேம்புலி அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். உப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தான். வெட்டின இடத்தில் இரண்டு பக்கமும் வளைந்த மரங்கள் விலா எலும்புபோல வரிசையாக நின்றன, ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல். இதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் அந்த மனுஷன் மூன்று நாள் கடலை வெளியே இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேம்புலிக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காமல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

திருவேங்கடம் மீதியிருந்த இரண்டு போட்டோவையும் எடுத்தார். பாரத்தில் கையெழுத்துப் போடும்போது மணி ஐந்தாக ஏழு நிமிஷம் இருந்தது.

பிராட்வே பஸ்ஸுக்கு அவர்களை வேம்புலியே நடத்திக் கூட்டிக்கொண்டு போனான். கஜபதியின் கையில் எலுமிச்சம்பழ மாலை மட்டும் இருந்தது. பஸ் நெரிசலாக வந்தது. எல்லம்மா முன்வாசலில் ஏறிப் பொம்பளைகள் பக்கம் போய்விட்டாள். கஜபதி பின்படியில் தொற்றிக்கொண்டார். நடுவில் அத்தனை தலைகள், ஒருவருக்கொருவர் தெரிய வாய்ப்பே இல்லை.

பஸ் கிளம்பும்போது முன்பக்கத்து ஜன்னலிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டது. தகரத்தில் மூன்று முறை தட்டியது. கண்டக்டர் நிறுத்தச் சொல்கிறாரோ என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

பின்படியிலிருந்து மூன்று தட்டு போயிற்று.